நுண்ணுயிரியல்: சொல்லும் பொருளும்

போன தை மாதம் பண்ணைக்காட்டில் எங்கள் உழவர் கூட்டம் நடந்தது. காப்பிக் களத்தில் பாதியில் பழம் காய்ந்துகொண்டிருந்தது, மீதிப் பாதியில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்து மண்ணைப் பற்றிப் பேசினான். நல்லாத்தான் பேசினான். ஆனால் வாக்கியத்துக்கு ஒருமுறை 'மைக்ரோபயாலஜி' என்றான். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, மைக்ரோ மைக்ரோங்கிறியே, அதுக்கு அர்த்தம் என்னப்பா?"

"சின்னச் சின்ன உயிருகளப் பத்திப் படிக்கிற படிப்பு தாத்தா."

"சின்னதுன்னா எம்புட்டுச் சின்னது? அசுவினிகூடச் சின்னதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை நான் சரியான நேரத்தில் கேட்காததால் ஒன்றரை ஏக்கர் மலைவாழையை இழந்தவன். என்னால் கீழ்த்தோட்டத்து மாமாவும் இழந்தார். அதனால்தான் இந்தச் சொல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். மைக்ரோபயாலஜி கிரேக்க மொழிச் சொற்களால் ஆனது. 'மைக்ரோஸ்' என்றால் சிறியது. 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்வு. 'லோகோஸ்' என்றால் சொல், பேச்சு, ஒன்றைப் பற்றி முறையாக எடுத்துச் சொல்வது. நாம் அதை நுண் + உயிர் + இயல் என்று ஆக்கியிருக்கிறோம். என்னைக் கேட்டால் தமிழ்ச் சொல்தான் ஒரு படி மேல். கிரேக்க மைக்ரோஸ் வெறும் அளவைத்தான் சொல்கிறது. நம்முடைய 'நுண்' அளவையும் சொல்லும், கூர்மையையும் சொல்லும். வீட்டில் மிளகை நுணுக்கி ரசத்தில் போடுகிறோம். அங்கே அது பொடிப்பொடி ஆக்குவது. 'அவன் வேலையில நுணுக்கம் தெரிஞ்சவன்' என்கிறோம். அங்கே அது அறிவு. வேர் ஒன்றுதான்.

மிளகை நுணுக்குவது என்று சொன்னதும் இந்தக் கதையின் தொடக்கத்துக்கே வந்துவிட்டோம்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஆண்டனி வான் லீவன்ஹூக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. துணியின் இழையைப் பார்க்கக் கண்ணாடி வில்லை பிடித்துப் பழகியவர், தானே வில்லைகளைத் தேய்த்துச் செய்ய ஆரம்பித்தார். பித்தளைத் தகட்டில் ஒரே ஒரு குட்டி வில்லையைப் பதித்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கருவி. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? நாக்கில் குத்துகிற மாதிரி அதற்குள் ஏதாவது முள் இருக்குமோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். கொஞ்ச நாள் கழித்து அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தால், முள்ளைக் காணோம். சொட்டு முழுக்கக் குட்டிக் குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676இல் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். அங்கிருந்த அறிஞர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு தாங்களே மிளகை ஊறவைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

பாக்டீரியாவை மனிதக் கண் பார்த்தது மிளகுத் தண்ணீரில்தான். இந்த மலையில் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிற நமக்கு இது கொஞ்சம் பெருமைதான்.

அவர் அவற்றைக் 'குட்டி விலங்குகள்' என்றுதான் எழுதினார். நுண்ணுயிர் என்ற பெயர் வர இன்னும் இருநூறு வருசம் ஆனது. அதுவரை ஆளுக்கொரு பெயர். எரன்பெர்க் என்ற ஜெர்மானியர் கோல் போல இருந்ததற்கு 'பாக்டீரியம்' என்று வைத்தார். கிரேக்கத்தில் அதற்குச் சின்னக் கைத்தடி என்று பொருள். இப்போது கடையில் வாங்கும் பேசில்லஸ் பொட்டலத்தில் இருப்பதும் 'சின்னக் குச்சி'தான், அது லத்தீன். 1878இல் செதியோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், எல்லாவற்றுக்கும் பொதுவாக 'மைக்ரோப்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அகராதி எழுதிய லித்ரே என்ற அறிஞரிடம் சரியா என்று கேட்டிருக்கிறார். கிரேக்கத்தில் அந்த மாதிரிச் சொல்லுக்கு 'அற்ப ஆயுள் உள்ளவன்' என்ற அர்த்தம் ஏற்கெனவே உண்டு, அதனால் சிலர் எதிர்த்தார்கள். லித்ரே அதைப் பொருட்படுத்தவில்லை, சொல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். காப்பாற்றிக்கொண்டது. பாஸ்டர் அதை எடுத்துக்கொள்ள, படிப்புக்கும் அதிலிருந்தே பெயர் வந்தது.

கருவியின் பெயரில் எங்கள் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு. கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறதல்லவா, 1899இல் தொடங்கியது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். அங்கே இருப்பது தொலைநோக்கி. அந்த 'டெலஸ்கோப்' என்ற பெயரும் 'மைக்ரோஸ்கோப்' என்ற பெயரும் ஒரே வட்டத்து ஆட்கள் வைத்தவை. ரோமில் கலிலியோ உறுப்பினராக இருந்த ஓர் அறிஞர் கழகத்தில், 1611இல் முதல் பெயரும், 1625இல் ஃபேபர் என்பவரால் இரண்டாவது பெயரும் வந்தன. கலிலியோ தன் கருவியைச் 'சின்னக் கண்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழிலும் அதே சோடியாகத் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று வைத்தோம்.

சரி, பெரியவர் கேட்டதற்கு வருகிறேன். எம்புட்டுச் சின்னது?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மண்ணில் இருக்கும் பாக்டீரியா ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். அந்த ஒரு மைக்ரானை மறுபடி ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு நானோமீட்டர். 'நானோஸ்' என்றால் கிரேக்கத்தில் குள்ளன். மலைவாழையை அழிக்கும் முடிக்கொத்து வைரஸ் ஏறக்குறைய 20 நானோமீட்டர்.

எனக்கு இந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. மிளகு வைத்துப் பார்த்தபோதுதான் ஏறியது. அந்த வைரஸ் ஒரு மிளகு அளவு, அதாவது 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் ஒரு மைக்ரான் பாக்டீரியா 50 மிளகை வரிசையாக வைத்த நீளம், 25 செ.மீ., ஒரு சாணுக்குச் சற்று மேலே. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும் வாழை அசுவினி? 375 மீட்டர். என் தோட்டத்தின் மேல்வேலியிலிருந்து கீழே ஓடை வரைக்கும் நடந்தால்கூட அவ்வளவு வராது. மூன்றையும் நாம் 'கிருமி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். கிருமி என்ற வடசொல்லுக்குப் பொருளே புழு. அதற்குள் எதைத்தான் அடக்க முடியாது?

என் கதை இதுதான். ஏழெட்டு வருசம் முன்னாடி, தாண்டிக்குடிக்குக் கீழே என் தோட்டத்தில் விருப்பாச்சி வாழையில் சில மரம் கூம்பி நின்றது. இலை அகலம் குறைந்து, விறைத்து, உச்சியில் கொத்தாக. தாத்தா காலத்திலிருந்து கட்டையிலேயே மறுகட்டை விட்டு வந்த தோட்டம், நான் வேதி உரத்தை விட்டு அப்போது மூன்றாவது வருசம். ஓர் ஆலோசகர் வந்து பார்த்தார். "கிருமித் தாக்குதல். நுண்ணுயிர் குறைஞ்சு போச்சு. நல்ல கிருமியைக் கொடுத்தா கெட்ட கிருமி போயிடும்" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஜீவாமிர்தம் ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்பிய காலம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, நான் அதைத்தான் கேட்க விரும்பினேன். சூடோமோனஸ் வாங்கினேன், ஜீவாமிர்தம் பீப்பாய் பீப்பாயாக ஊற்றினேன். இரண்டு வருசம். பக்கத்துக் காபியும் ஆரஞ்சும் செழித்தன. வாழை மட்டும் ஒவ்வொன்றாகக் கூம்பிக்கொண்டே வந்தது. கூம்பிய மரத்தை வெட்டாமல் வைத்து வைத்தியம் பார்த்தேன். மூன்றாம் வருசம் கீழ்த்தோட்டத்து மாமா வந்து வேலியோரம் நின்றார். "மாப்ள, எனக்கும் வந்துருச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கே தவறு? சூடோமோனஸ் ஒரு பாக்டீரியா. 'சூடோ' என்றால் போலி, 'மோனாஸ்' என்றால் ஓர் அலகு, ஓர் ஓரணு உயிர். அது வேரைச் சுற்றி வாழும். பூசணத்தோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டி போடும், பூசணத்துக்கு ஆகாத பொருளைச் சுரக்கும். வேரழுகல், வாடல் போன்ற மண்ணில் வரும் பூசண நோய்களுக்கு அது உதவும். முடிக்கொத்து நோயின் வைரஸோ மண்ணிலேயே கிடையாது. அது வாழையின் உணவு ஓடும் குழாய்க்குள், உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி, வீட்டுக்குள் ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருப்பதை என்ன செய்ய முடியும்?

வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். நம் பாடநூல்காரர்கள் 'நச்சுயிரி' என்று நல்ல சொல் வைத்திருக்கிறார்கள், நாம்தான் பயன்படுத்துவதில்லை. 1898இல் பையரிங்க் என்ற ஹாலந்துக்காரர் நோய் வந்த புகையிலைச் சாற்றைப் பாக்டீரியாகூட நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைத் தந்தது, செடிக்குள் போய்ப் பெருகவும் செய்தது. பாக்டீரியா இல்லை, வேறு ஏதோ என்று அவருக்குப் புரிந்தது. இதே பையரிங்க்தான் பத்து வருசம் முன்னால், 1888இல், பயறு வகைகளின் வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்தைப் பிடித்துத்தரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவர். அதுதான் ரைசோபியம். நமக்குச் சோறு போடும் நுண்ணுயிரையும் நம் தோட்டத்தை அழிக்கும் நச்சுயிரியின் தன்மையையும் ஒரே மனிதர் காட்டியிருக்கிறார். அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

வைரஸைக் கண்ணால் பார்க்க, 1931இல் ஜெர்மனியில் தொடங்கிய மின்னணு நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. ஆனால் அதைப் பார்க்காமலேயே வாழை நோயின் வழியை ஒருவர் கண்டுபிடித்தார். 1889இல் ஃபிஜி தீவில் பதிவான இந்த நோய் ஆஸ்திரேலியாவின் வாழைத் தோட்டங்களைக் காலி செய்தபோது, மகீ என்ற ஆய்வாளர் 1920களில் இறங்கி வேலை செய்தார். இது வைரஸ் நோய், பரப்புவது வாழை அசுவினி, இன்னொரு வழி நோயுள்ள கன்று என்று நிறுவினார். நோய் மரத்தைத் தோண்டி அழி, நல்ல கன்று நடு என்பதுதான் அவர் சொன்ன வழி. இன்றைக்கும் வழி அதேதான். நம் நாட்டுக்கு 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளம் வழியாக வந்தது. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் மலைவாழை மலை மலையாகச் சரிந்ததற்கு இதுவே பெரிய காரணம். 2008இல் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் என்று பெயர் இருக்கிறது, மரம்தான் குறைந்துபோனது.

நோயைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. காலை வெயிலுக்கு எதிராக இலையைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். நடுநரம்பை ஒட்டியும் இலைக்காம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும், அந்தக் காலத்துத் தந்தி மாதிரி விட்டு விட்டு இருக்கும். இலை கூம்புவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டும். ஆனால் வெட்டரிவாளை எடுத்துக்கொண்டு நேராகப் போகக்கூடாது. மட்டைக்கு உள்ளேயும் குருத்திலும் அசுவினி உட்கார்ந்திருக்கும். ஒருமுறை வைரஸை உறிஞ்சிய அசுவினி சாகும்வரை அதைச் சுமக்கும். மரத்தை ஆட்டினால் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கரைத்துக் குருத்து, மட்டை இடுக்கு, அடித்தண்டு நனையத் தெளிக்க வேண்டும். அசுவினி செத்த பிறகு தாய்மரம், பக்கக்கன்று, கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தோண்டித் துண்டாக்கி அழிக்க வேண்டும். ஒரு கன்று நல்லாயிருக்கே என்று விட்டால் அதுதான் அடுத்த வருசத்து நோய். எறும்பு சாரை சாரையாக ஏறும் வாழையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள், அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக அவை வரும்.

மேல்மலை நண்பர்களுக்கு இன்னொரு சொல். உருளைக்கிழங்கில் தொல்லை தரும் 'நெமட்டோட்' கிரேக்கத்தில் 'நூல் போன்றது'. நம் நூற்புழு அப்படியே அதன் நேர்ப்பொருள். அது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, நரம்பும் குடலும் உள்ள விலங்கு. உருளை வேரில் ஊசித்தலை அளவில் வெள்ளையாகவும் பொன்னிறமாகவும் ஒட்டியிருக்கும் மணி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகள் உள்ள கூடு. உருளை இல்லாமலே பல வருசம் மண்ணில் காத்துக் கிடக்கும். அதற்கு வைத்தியம் பூண்டு, பீன்ஸ், கேரட் என்று பயிரை மாற்றிப்போடுவது. பீப்பாயில் கரைத்து ஊற்றுவதை மட்டும் நம்பியிருந்தால் போதாது.

நாம் வாங்கும் பொட்டலங்களின் பெயரையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அசோஸ்பைரில்லத்தில் 'ஸ்பைரில்லம்' சின்னச் சுருள், அதன் உருவம். 'அசோ' வந்தது 'அசோட்' என்பதிலிருந்து, பிரெஞ்சுக்காரர்கள் நைட்ரஜனுக்குச் சொல்வது. லவாய்சியே வைத்த பெயர், பொருள் 'உயிரற்றது'. அந்தக் காற்றில் மட்டும் அடைத்த பிராணி செத்துப்போனதால் அப்படி வைத்தார். இலை, தழை, இறைச்சி எதுவும் அது இல்லாமல் இல்லை! நம் ஆட்கள் வைத்த 'தழைச்சத்து' எவ்வளவு பொருத்தம். டிரைக்கோடெர்மா 'மயிர்த்தோல்', அது பூசணம். மைக்கோரைசா 'பூசண வேர்', 1885இல் ஃபிராங்க் வைத்த பெயர். வேரும் பூசணமும் கூட்டுக் குடும்பம் நடத்துவது அது.

பெயர் தெரிந்தால் பொட்டலத்தை எப்படி வைப்பது என்பதும் தெரியும். பேசில்லஸ் கெட்டியான வித்தாக மாறி வெயிலைத் தாங்கும். அசோஸ்பைரில்லத்துக்கும் சூடோமோனஸுக்கும் அந்த வித்தை தெரியாது. தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் போட்டுவைத்தால் உள்ளே இருப்பது செத்த உயிரும் கரித்தூளும்தான். அதேபோல் காபிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பவர்கள், அதே வாரம் டிரைக்கோடெர்மா தெளிக்காதீர்கள். செம்புச் சத்துக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்ற வேறுபாடு தெரியாது.

என்னிடம் இப்போது ஒரு காகித நுண்ணோக்கி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் குழுவும் உருவாக்கியது, ஃபோல்டுஸ்கோப் என்று பெயர். ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கும். கிட்டத்தட்ட லீவன்ஹூக் கருவியேதான், பித்தளைக்குப் பதில் அட்டை. ஜீவாமிர்தத்தில் ஒரு சொட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஓரணு உயிர்கள் விர்ரென்று குறுக்கே ஓடின, பாக்டீரியா வெறும் புள்ளியாக நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சொட்டுக்கும் பதினைந்தாம் நாள் சொட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்த பிறகு, பழசான கரைசலை ஊற்றுவதை விட்டுவிட்டேன். ஜீவாமிர்தத்தை விடவில்லை. என் காபிக்கும் மிளகுக்கும் அது இல்லாமல் முடியாது. வாழை வைரஸுக்கு மருந்து என்று மட்டும் யாருக்கும் சொல்வதில்லை. நம் கூட்டங்களிலேயே இன்னும் சிலர் சொல்கிறார்கள், அப்போதெல்லாம் எழுந்து நின்று மறுத்துப் பேசுகிறேன். சில பேருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

இரண்டு வருசம் நிலத்தில் வாழை வைக்காமல் விட்டு, பிறகு வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்பு விருப்பாச்சிக் கன்றுகள் நட்டேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தக் கன்றுகளுக்காக இங்கே நிறைய வேலை செய்திருக்கிறது. இவற்றுக்கும் நோய் வராது என்று உறுதி கிடையாது. சுத்தமான கன்று, அவ்வளவே. பக்கத்தில் ஒரு நோய்மரம் இருந்தால் அசுவினி கொண்டுவந்துவிடும். அதனால் நான் மட்டும் பார்த்தால் போதாது, மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கன்றை எண்ணி வாங்கிக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் காலையில் அவர் என் தோட்டத்தைப் பார்ப்பார், நான் அவர் தோட்டத்தைப் பார்ப்பேன். சொந்தத் தோட்டத்தில் கண் ஏமாற்றிவிடும், அதனால் இப்படி மாற்றி வைத்துக்கொண்டோம். போன மாதம் என் மேல்வேலி ஓரத்தில் நின்று கூப்பிட்டார். ஒரு வாழை, காம்பில் தந்திக்கோடு. எனக்கு இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே என்றுதான் தோன்றியது. அவர் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருந்தார். சாயங்காலம் கிழங்கோடு, மூன்று கன்றோடு தோண்டியெடுத்தோம்.